பசை காயட்டும், அப்புறம் பேசலாம்

ஈரோட்டில் பைண்டிங் பட்டறை வைத்திருப்பவன் ஓவியப் பக்கத்துக்கு வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதலாமா என்று ஆசிரியரிடமே கேட்டேன். “நீங்கள் ஓவியத்தைப் பற்றி எழுத வேண்டாம், காகிதத்தையும் பசையையும் பற்றி எழுதுங்கள், அதுதான் எல்லோரும் கேட்கிறார்கள்” என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். போன இதழில் மிக்ஸட் மீடியா ஆர்ட் ஜர்னல் பற்றி எழுதினேன். படிக்காதவர்களுக்கு ஒரு வரி: வண்ணம், ஒட்டிய காகிதம், துணி, நூல், படம், கையெழுத்து எல்லாம் நோட்டின் ஒரே பக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக வரும்படி செய்துகொண்டு போவது. டைரிதான், எழுத்தோடு நிற்காத டைரி. அதற்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். பெரும்பாலோர் பெயர் போட வேண்டாம் என்று எழுதியிருப்பதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

அண்ணா, ஸ்கெட்ச் பென்னில் எழுதிவிட்டு அதன் மேல் வாட்டர் கலர் அடித்தேன். எழுத்தெல்லாம் கரைந்து ஓடிவிட்டது. எதை முதலில் செய்ய வேண்டும், எதைக் கடைசியில்?
– கல்லூரி மாணவி, கோவை

ஸ்கெட்ச் பென் மை தண்ணீரில் கரையும் மை. அதன் மேல் ஈரத் தூரிகையை வைத்தால் அது ஓடத்தான் செய்யும். எழுத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எதை முதலில் போடலாம் என்பதற்கு நான் பார்ப்பது ஒன்றுதான்: காய்ந்த பிறகு தண்ணீர் பட்டால் கரையுமா, கரையாதா? அக்ரிலிக் கரையாது. அதில் இருக்கும் தண்ணீர் ஆவியாகப் போனதும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் துணுக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து தோல் மாதிரி ஆகிவிடும். அதன் மேல் எத்தனை முறை ஈரம் பட்டாலும் கவலையில்லை. வாட்டர் கலர் அப்படியில்லை. வருஷம் கழித்துத் தொட்டாலும் கரையும். ஆகவே முதலில் வெள்ளை அக்ரிலிக்கை மெல்லிசாக ஒரு பூச்சு. காய்ந்ததும் காகிதம், துணி ஒட்டும் வேலை. அது காய்ந்ததும் தண்ணீர் கலந்த அக்ரிலிக்கை மேலே ஓடவிடலாம். வாட்டர் கலர்தான் வேண்டும் என்றால் அதை இந்த இடத்தில் அடித்துவிட்டு, அதற்கப்புறம் ஈரமில்லாத சாமான் மட்டும்: கலர் பென்சில், மார்க்கர், நூல். ஆயில் பேஸ்டல் (எண்ணெய்ப் பசையுள்ள வண்ணக் குச்சி) எல்லாவற்றுக்கும் மேலே. அதன் மேல் தண்ணீர் வண்ணம் ஒட்டாது. ஒட்டக் கூடாது என்றே சில பேர் மெழுகுவத்தியால் முதலில் கோலம் இழுத்துவிட்டு மேலே வண்ணம் அடிப்பார்கள், கோலம் வெள்ளையாகத் தெரியும். தெரிந்து செய்தால் அதுவும் அழகு.

காய்ந்துவிட்டதா என்று விரல் நுனியால் தொட்டுப் பார்க்காதீர்கள், ரேகை விழும். புறங்கையை மெல்ல வைத்துப் பாருங்கள். பக்கம் சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. பட்டறையில் அட்டை காய்ந்ததை நாங்கள் பார்ப்பதும் இப்படித்தான். ஈரத்தின் மேல் ஈரம் போடும் அவசரம்தான் எனக்கு வந்த பாதிக் கடிதங்களுக்குக் காரணம்.

இதற்கென்று விற்கும் நோட்டு ரொம்ப விலையாக இருக்கிறது. சாதாரண லாங் சைஸ் நோட்டில் செய்தால் தாள் சுருங்கி நெளிகிறது. என்ன நோட்டு வாங்கலாம்?
– பெருந்துறையிலிருந்து ஒருவர்

வாங்கவே வேண்டாம் என்பேன். உங்கள் வீட்டிலோ சொந்தக்காரர் கடையிலோ பழைய பேரேடு கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள். மஞ்சள் மண்டிக்காரர்களும் ஜவுளிக்கடைக்காரர்களும் சிவப்புக் காலிக்கோ (அட்டைமேல் ஒட்டும் பைண்டிங் துணி) போட்டு எங்களிடம் பைண்ட் பண்ணி வாங்கிய நாள்வழியும் பேரேடும் கம்ப்யூட்டர் வந்த பிறகு பரணில் தூங்குகின்றன. பாதிப் பக்கம் எழுதாமலே கிடக்கும். அந்தத் தாளைத் தொட்டுப் பாருங்கள். இங்க் பேனா ஊறக்கூடாது என்று அழுத்தமான தாளாகப் போட்டிருப்பார்கள். பாரம் பாரமாக (சில தாள்களைச் சேர்த்து மடித்த கட்டைத்தான் பாரம் என்போம்) மடித்து நூலில் தைத்த புத்தகம் என்பதால் விரித்தால் தட்டையாகப் படுக்கும். பற்று, வரவு என்று சிவப்புக் கோடு போட்ட பக்கத்தின் மேல் வெள்ளை வண்ணத்தை மெல்லிசாக இழுத்தால் கோடு லேசாகத் தெரியும். அதை நான் மறைக்கச் சொல்ல மாட்டேன். மற்றவர்களின் கணக்கு எழுதிய பக்கங்களை மட்டும் கடைக்காரரைக் கேட்டுக்கொண்டு பயன்படுத்துங்கள்.

பேரேடு கிடைக்கவில்லை, சாதா நோட்டுதான் என்றால் தாளின் கனத்தைக் கூட்ட வேண்டும். ஜெராக்ஸ் தாள் 70, 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) வரும், வாட்டர் கலருக்கு என்று விற்பது 300 ஜிஎஸ்எம். நடுவில் இருக்கும் வித்தியாசத்தைப் பசையால் ஈடுகட்டலாம். இரண்டு தாளை ஒன்றாக ஒட்டினாலே நல்ல பலம் வந்துவிடும். பசையை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தடவுங்கள். ஒட்டிய பக்கத்துக்கு இருபுறமும் பிளாஸ்டிக் தாள் வைத்து, மூடி, அம்மிக்கல்லோ அரிசி மூட்டையோ மேலே ஏற்றி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காகிதம் நெளிவது ஈரத்தால் மட்டும் இல்லை, பாரம் இல்லாமல் காய்வதாலும்தான்.

ஆர்ட் ஜர்னலுக்கு வயிறு போடும். ஒட்டிக்கொண்டே போனால் முன்பக்கம் மூட முடியாமல் வாய் பிளந்து நிற்கும். அதற்குப் பக்கத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் கிழிக்காதீர்கள். தைத்த நோட்டில் ஒரு தாளை வேரோடு பிடுங்கினால் அதனோடு பிறந்த இன்னொரு பக்கம் பாரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து கழன்று வரும். முதுகிலிருந்து அரை அங்குலம் விட்டு ஸ்கேல் வைத்து வெட்டுங்கள். இரண்டு தாளுக்கு ஒரு தாள் வெட்டினால் போதும். மிச்சம் நிற்கும் அந்த அரை அங்குலம்தான் நீங்கள் ஒட்டப்போகும் துணிக்கும் நூலுக்கும் முதுகில் இடம் கொடுக்கும்.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். என்னிடம் இருப்பதெல்லாம் கட்டிங் வேஸ்ட், லேபிள், நம்பர் ஸ்டிக்கர்தான். துணியை ஒட்டினால் ஓரம் சுருண்டுகொள்கிறது, ஃபெவிகால் மேலே கசிந்து கறை ஆகிவிடுகிறது. இதெல்லாம் கலை என்று சொல்லலாமா என்றும் என் தங்கச்சி சிரிக்கிறாள்.
– திருப்பூர் வாசகி

உங்கள் கடிதத்தைத்தான் அம்மிணி, நான் முதலில் பிரித்து வைத்தேன். கோவைக்காரர்கள் காசு கொடுத்து வாங்கும் சாமானெல்லாம் உங்கள் காலடியில் கிடக்கிறது.

சுருள்வது உங்கள் கையின் குற்றமில்லை. சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய பனியன் துணியின் குணம் அது. பக்கவாட்டு ஓரம் துணியின் பின்புறம் பார்த்துச் சுருளும், மேல் ஓரமும் கீழ் ஓரமும் முன்புறம் பார்த்துச் சுருளும். எனக்கு ஒரு கட்டிங் மாஸ்டர் சொல்லிக் கொடுத்தது. ரிப்பும் இன்டர்லாக்கும் இப்படிச் செய்யாது, அது கிடைத்தால் நேரே ஒட்டிவிடலாம். ஜெர்சிதான் இருக்கிறது என்றால் காலிக்கோ இல்லாத நாளில் பைண்டிங்காரன் செய்யும் வேலையைச் செய்யுங்கள். துணியை வெட்டிவிட்டு ஒட்டாமல், ஒட்டிவிட்டு வெட்ட வேண்டும்.

ஒரு மெல்லிய வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெவிகாலில் தண்ணீர் கலக்கக் கூடாது. கலந்தால் அது நூலுக்குள் ஏறி முன்பக்கம் வந்து பளபளவென்று காயும், நீங்கள் சொன்ன கறை அதுதான். கெட்டியாகவே எடுத்து, தேதி முடிந்த ஏடிஎம் கார்டால் தாளின் மேல் வழித்து வழித்து, தாள் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக இழுங்கள். பசையைத் தாளில்தான் தடவ வேண்டும், துணியில் இல்லை. துணியை இழுக்காமல் மேலே படுக்கப் போட்டு, எவர்சில்வர் டம்ளரை உருட்டுங்கள். இழுத்து ஒட்டினால் காய்ந்ததும் அது பழைய அளவுக்குத் திரும்பப் பார்த்து தாளையும் சேர்த்து வளைக்கும். மேலே பாரம் வைத்து நன்றாகக் காயவிட்டு, அப்புறம் கத்தரியால் துணியும் தாளுமாகச் சேர்த்து வெட்டுங்கள். ஓரம் சுருளாது, இழை பிரியாது, இலை மாதிரி வெட்டினாலும் முனை அப்படியே நிற்கும். இதைத் திருப்பித் தாள் பக்கத்தில் பசை தடவி நோட்டில் ஒட்ட வேண்டியதுதான்.

தைக்கவும் செய்யலாம். ஓய்வு நேரத்தில் யாராவது மெஷினைக் கொடுத்தால் தையலை நன்றாகப் பெரிதாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நெருங்கத் தைத்தால் தபால்தலை ஓரம் மாதிரி ஆகி பக்கம் அந்தக் கோட்டில் பிய்ந்துவிடும். காகிதம் தைத்த ஊசி மழுங்கிவிடும், அதைத் திரும்பத் துணிக்குப் போட்டால் டெய்லர் உங்களைத் திட்டுவார். தூக்கிப்போட இருக்கும் பழைய ஊசியைக் கேட்டு வாங்குங்கள். பவானி ஜமுக்காள நூல், சென்னிமலைப் போர்வையின் கரை நூல் எது கிடைத்தாலும் கையாலும் கோக்கலாம். முதலில் ஊசியால் ஓட்டை போட்டுக்கொண்டு, அப்புறம் நூலை விடுங்கள்.

பாலியெஸ்டர் லேபிள் நூல் பிரிந்தால் ஊதுவத்தி முனையை ஓரத்தில் லேசாகக் காட்டுங்கள், உருகி அடைத்துக்கொள்ளும். காட்டன் லேபிளுக்கு இதைச் செய்ய வேண்டாம், எரியும். கம்பெனிப் பெயர் போட்ட லேபிளை மட்டும் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு எடுங்கள், சில இடத்தில் எண்ணிக் கொடுப்பார்கள்.

தங்கச்சியிடம் ஒன்று சொல்லுங்கள். 1912இல் பிக்காசோ, பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சடித்த மெழுகுத்துணியை அப்படியே படத்தில் ஒட்டி, சட்டத்துக்குப் பதிலாகச் சுற்றிலும் கயிறு கட்டினார். துணி ஒட்டுவது கலையா என்ற கேள்வி அன்றைக்கே முடிந்து போனது. நீங்கள் அந்த நம்பர் ஸ்டிக்கரில் ஆரம்பியுங்கள். ஒரே அடுக்கில் வெட்டிய முன்பக்கமும் பின்பக்கமும் கையும் ஒரே சட்டையில் சேர வேண்டும், மாறினால் ஷேடு தெரிந்துவிடும், அதற்காகத்தானே எண் ஒட்டுகிறார்கள்? ஒரே எண்ணுள்ள மூன்று துண்டை ஒரு பக்கத்தில் போட்டு, நான்காவதாக வேறு எண்ணை வையுங்கள். நீங்கள் நாள் முழுக்கப் பார்க்கும் அந்தச் சின்ன நிற வித்தியாசம் வெளியே யாருக்கும் தெரியாது. அதைக் காட்ட உங்களால் முடியும்.

மஞ்சள், குங்குமம், காபி டிகாக்ஷனை வண்ணமாகப் பயன்படுத்தலாமா? நிற்குமா?
– இல்லத்தரசி, கோபிசெட்டிபாளையம்

மூன்றும் மூன்று விதம். டிகாக்ஷன் நல்ல கறை, பழைய தாள் மாதிரி நிறம் கொடுக்கும், பயப்படாமல் ஊற்றலாம். கடைக் குங்குமம் வெறும் சாயமாக இருந்தால் ஈரம் பட்டதும் பின்பக்கம் இறங்கி, எதிர்ப்பக்கத்தையும் சிவப்பாக்கிவிடும். ஆகையால் வேண்டாம்.

மஞ்சளைப் பற்றி மஞ்சள் ஊர்க்காரன் குறை சொல்லக் கூடாது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பெருமை வேறு எங்களுக்கு இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், வெளிச்சத்தில் மஞ்சளின் நிறம் நிற்காது. மஞ்சள் கறைபட்ட வேட்டியை வெயிலில் போட்டு வெளுக்க வைப்பவர்கள்தானே நாம்? மூடிய நோட்டுக்குள் இருந்தால் கொஞ்ச காலம் தாங்கும், சுவரில் மாட்டினால் தாங்காது. அதற்குப் பதிலாக மஞ்சளை வைத்து ஒரு வேடிக்கை செய்யலாம். மஞ்சள் கரைத்த தண்ணீரைப் பக்கம் முழுக்க அடித்துக் காயவிடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்து, தூரிகையால் எழுதுங்கள். எழுதும்போதே எழுத்து சிவப்பாக வரும். ஆரத்தித் தட்டில் நடப்பதும், குழம்புக் கறைமேல் சோப்புப் போட்டதும் சட்டை சிவப்பதும் இதேதான். பிள்ளைகளிடம் செய்து காட்டுங்கள், விட மாட்டார்கள். சுண்ணாம்பு கண்ணில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிற்கும் வண்ணம் வேண்டும் என்றால் மண்ணுக்குப் போங்கள். உங்கள் தோட்டத்துச் செம்மண் வெளிச்சத்துக்கு அசையாது. ஒரு கைப்பிடி மண்ணைத் தண்ணீரில் கலக்கி ஒரு நிமிஷம் விடுங்கள், மணல் அடியில் போய் உட்காரும். மேலே இருக்கும் சேற்று நீரை மட்டும் இன்னொரு கிண்ணத்தில் சாய்த்து, மறுநாள் வரை தெளியவிடுங்கள். தண்ணீரை வடித்தால் அடியில் வெண்ணெய் மாதிரி ஒரு களி இருக்கும். வேலம்பிசினை ராத்திரி ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, இந்தக் களியோடு குழையுங்கள். காய்ந்து வெடிக்காமல் இருக்க ஒரு சொட்டுத் தேன் சேர்க்கலாம். கடை வாட்டர் கலரிலும் பிசின்தான் பிடிமானம், அதனால் இதுவும் தண்ணீர் பட்டால் கரையும். கரையக் கூடாது என்றால் பிசினுக்குப் பதில் ஃபெவிகால். அடுப்புக்கரியையும் விளக்குக்கரியையும் இதே மாதிரி குழைத்தால் கறுப்புக்கு வேறெங்கும் போக வேண்டாம்.

ஏனுங்க, என் பொண்ணு திம்பம் வழியாக மைசூருக்குப் போன பஸ் டிக்கெட்டை எல்லாம் நோட்டில் ஒட்டி வைத்தாள். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவையும் பக்கத்திலேயே வரைந்திருந்தாள். இப்போது பார்த்தால் டிக்கெட்டில் எழுத்தே இல்லை. வெறும் வெள்ளைத் தாள். அழுகிறாள். ஏதாவது செய்ய முடியுமா?
– ஒரு அப்பா, சத்தியமங்கலம்

போன எழுத்து திரும்ப வராதுங்க. கண்டக்டர் கையில் இருக்கும் மெஷினில் மை கிடையாது. தாளிலேயே ஒரு மருந்து தடவியிருக்கும். மெஷின் தலை சுடும் இடத்தில் அது கறுக்கும், அதுதான் எழுத்து. வெளிச்சத்திலும் எண்ணெய்க் கையிலும் சில பசையிலும் அந்தக் கறுப்பு மங்கிவிடும். சூடு காட்டினால் தாள் முழுக்கக் கறுக்கும், சானிடைசர் பட்டாலும் கறுக்கும். அதனால் டிக்கெட் ஒட்டிய பக்கத்தை ஹேர் டிரையரில் காட்டவே கூடாது. ஏடிஎம் சீட்டும் சூப்பர் மார்க்கெட் பில்லும் இதே ஜாதி. முன்னெல்லாம் கட்டணத்துக்கு ஒரு நிறமாக, மெல்லிசுத் தாளில் அச்சடித்துக் கிழித்துக் கொடுப்பார்களே, அது யாராவது சேர்த்து வைத்திருந்தால் இன்றும் அப்படியே இருக்கும்.

இனிமேல் செய்ய வேண்டியது: டிக்கெட் வாங்கிய வாரத்திலேயே ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸை ஒட்டுங்கள். அசலை வேண்டுமானால் பக்கத்தில் ஒரு சின்னக் கவருக்குள் போட்டு வைக்கட்டும். இப்போது வெள்ளையாகிப்போன டிக்கெட்டைப் பிய்க்க வேண்டாம். எங்கே ஏறினோம், யார் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தது, எத்தனாவது வளைவில் யாருக்கு வாந்தி வந்தது என்று அதன் மேலேயே பேனாவால் எழுதச் சொல்லுங்கள். மெஷின் இதெல்லாம் அச்சடித்திருக்காது.

பொண்ணுக்கு ஒரு துணையாளையும் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் ஜெர்மனியில் ஹனோவர் நகரத்தில் குர்ட் ஷ்விட்டர்ஸ் என்று ஒருவர் டிராம் டிக்கெட்டையும் மிட்டாய் உறையையும் கிழிந்த நோட்டீஸையும் தெருவில் பொறுக்கி ஒட்டியே பெயர் வாங்கினார். அவர் டிக்கெட் அச்சு மையில் அடித்தது, அதனால் பிழைத்தது.

போட்டோவைத் தாளில் இறக்குவது எப்படி? வீட்டு பிரிண்டரில் எடுத்து ஒட்டித் தேய்த்தேன், சாயம் முழுக்கக் கலைந்துவிட்டது.
– சூலூர்

வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் தண்ணீர் மை. இந்த வேலைக்கு அது ஆகாது. ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரிண்ட் எடுங்கள். அதில் இருப்பது டோனர், உருகி ஒட்டிய பிளாஸ்டிக் பொடி. தண்ணீரில் கரையாது. எழுத்து இருக்கும் படம் என்றால் கண்ணாடியில் பார்ப்பது போல் திருப்பி எடுத்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் ஊர்ப் பெயர்ப்பலகை இடம் வலமாய் மாறிப்போகும்.

பக்கத்தில் ஃபெவிகாலையோ ஜெல் மீடியத்தையோ (நிறம் சேர்க்காத அக்ரிலிக் கூழ்) சீராகத் தடவி, படம் கீழே பார்க்கும்படி கவிழ்த்து, நடுவிலிருந்து காற்றை வெளியே தள்ளுங்கள். ஒரு ராத்திரி. குறைக்காதீர்கள். மறுநாள் ஈர ஸ்பாஞ்சால் தாளின் முதுகை நனைத்து, விரல் சதையால் வட்டமாகத் தேய்த்தால் காகிதம் அழுக்கு உருள்வதுபோல் உருண்டு வரும், படம் கீழே நிற்கும். நகம் படக்கூடாது. காய்ந்ததும் மேலே வெள்ளையாகப் புகை மூடியது போல் இருக்கும். மிச்சமிருக்கும் காகித நார் அது. இன்னொரு முறை நனைத்துத் தேய்த்துவிட்டு, கடைசியில் அதே பசையை மெல்லிசாக மேலே பூசினால் தெளிந்துவிடும். ஆங்காங்கே பிய்ந்து போகும், போகட்டும். முழுசாக வேண்டும் என்றால் போட்டோவையே ஒட்டிவிடலாமே.

எனக்கு வரையவே வராது. எழுதத்தான் வரும். ஆனால் எழுதியதை வீட்டில் யாராவது படித்துவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.
– பொள்ளாச்சி

வரைய வராதவர்கள்தான் இதை நன்றாகச் செய்கிறார்கள், கண்ணு. வரையத் தெரிந்தவர்கள் முகம் சரியாக வரவில்லை என்று அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

எழுத்தையே படமாக்கலாம். நம் கோயம்புத்தூரில் 1911இல் பிறந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தவர், 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர். அவருடைய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களைப் பாருங்கள். ஜாதகக் கட்டம் மாதிரி கட்டம், கணக்கு மாதிரி குறி, எழுத்து மாதிரி வரிகள். உட்கார்ந்து படிக்கப் போனால் ஒன்றும் படிக்க முடியாது. பார்க்கத்தான் முடியும். உங்களுக்கும் அந்த வழி இருக்கிறது. மனதில் உள்ளதை ஒளிக்காமல் பக்கம் முழுக்க எழுதுங்கள். நோட்டைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதியதன் மேலேயே இன்னொரு முறை எழுதுங்கள். தலைகீழாகத் திருப்பி மூன்றாவது முறை. வலை பின்னின மாதிரி ஆகிவிடும், மாமியார் மட்டுமில்லை, நீங்களேகூடத் திரும்பப் படிக்க முடியாது. அதன் மேல் மெல்லிய வண்ணம் போட்டு, அங்கங்கே ஒரு சொல் மட்டும் தெரியும்படி விடுங்கள். படிக்க வேண்டிய கடிதம் என்றால் மடித்து ஒரு கவருக்குள் வைத்து, கவரின் வாயைத் தைத்துவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு குறையைச் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு வரும் பக்கங்களில் பாதியில் ஈஃபில் கோபுர ஸ்டிக்கரும், பாரின் தபால்தலை அச்சும், ஆங்கிலத்தில் ஒரு பொன்மொழியும் இருக்கின்றன. அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் எழுதியவர் பொள்ளாச்சியா பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கமா என்று தெரியவில்லை. உங்கள் ஊர்ச் சந்தையில் கருப்பட்டி கட்டிய ஓலை, தேங்காய் மஞ்சி, கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் தடவிய ஓரம், அமுச்சி எழுதிய மளிகைச் சிட்டை, இதெல்லாம் எந்தக் கடையிலும் விற்பதில்லை.

மைதா பசை போட்டு ஒட்டினேன். பூச்சி அரித்துவிட்டது. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்க்கலாமா?
– அந்தியூர்

பட்டறைகளில் சேர்ப்பது உண்டு. ஆனால் அது விஷம். சாப்பாட்டு மேசையில், பிள்ளைகள் பக்கத்தில் வைத்துச் செய்யும் வேலைக்கு அது ஆகாது. ராமபாணப் பூச்சிக்கு மாவுப் பசை விருந்து, ஃபெவிகால் பிடிக்காது. மாவுப் பசையே வேண்டும் என்றால் மெல்லிசாகத் தடவி எலும்பாகக் காயவிட்டு, நோட்டைக் காற்றாட வையுங்கள். கனமாகத் தடவி ஈரத்தோடு மூடினால் பூச்சிக்கு முன்னால் பூஞ்சைதான் வரும். ஓலைச்சுவடிக்கு வசம்பு வைத்தவர்கள் நாம், அலமாரியில் ஒரு துண்டு வசம்பு வைத்தால் குறைந்துபோக மாட்டோம்.

காய்ந்த பிறகும் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.
– உடுமலை

அக்ரிலிக்கின் குணம். சூடும் பாரமும் சேர்ந்தால் காய்ந்த பிறகும் பிடித்துக்கொள்ளும். வெள்ளை மெழுகுவத்தியைப் பக்கத்தின் மேல் லேசாகத் தேய்த்து, துணியால் துடைத்துவிடுங்கள். நடுவில் பட்டர் பேப்பர் போடுங்கள். ஆயில் பேஸ்டல் பக்கத்துக்கு பட்டர் பேப்பர் எப்போதுமே வேண்டும்.

ஒரு பக்கம் பார்க்கவே சகிக்கவில்லை. கிழித்துவிடலாமா?
– நாமக்கல்

மேலே சொன்ன கதைதான், கிழித்தால் அதன் ஜோடி கழன்று வரும். மூடிவிட்டு மேலே செய்யுங்கள். வெள்ளை அக்ரிலிக் இரண்டு பங்கு, ஃபெவிகால் அரைப் பங்கு, நைஸாகச் சலித்த சாக்பீஸ் பொடி ஒரு பங்கு. தயிர் பதத்துக்குத் தண்ணீர். கடையில் கெஸ்ஸோ என்று விற்கும் அடிப்பூச்சின் ஏழை உறவினர் இது. பழைய கார்டால் இழுத்துப் பூசுங்கள். முழுக்க மறைக்க வேண்டாம், இரண்டு மூன்று இடத்தில் பழையது எட்டிப் பார்க்கட்டும். சாக்பீஸ் பொடி இருப்பதால் மேலே பென்சில் நன்றாகப் பிடிக்கும். ஈரமாக இருக்கும்போதே சீப்பால் இழுத்தால் உழவுச்சால் மாதிரி கோடு விழும், காய்ந்ததும் செம்மண் வண்ணத்தைத் தடவித் துடைத்தால் சாலுக்குள் மட்டும் நிறம் நிற்கும். ஆயில் பேஸ்டல் போட்ட பக்கத்தில் மட்டும் இது பிடிக்காமல் உரிந்து வரும். அங்கே ஜெராக்ஸ் தாளில் புதிதாகச் செய்து, நான்கு ஓரமும் தைத்து மூடிவிடுங்கள்.

அடுத்த இதழில் நோட்டை நாமே தைப்பது பற்றி. கேள்வியோடு உங்கள் பக்கத்தையும் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து காயவைத்து அனுப்புங்கள். போன மாதம் ஒருவர் ஈரத்தோடு போட்டு அனுப்பிய கவரைப் பிரித்தபோது பாதி ஓவியம் கவரில் இருந்தது, கேள்வியும் அதிலேயே போய்விட்டது. அவர் யார் என்று தெரியவில்லை, மறுபடி எழுதவும்.